சார்ந்ததன் வண்ணம்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் உபாத்தியாயர்களே! நீங்கள் நாடோறும் பாடசாலையிலே சமயபாடம் நடத்துகின்றீர்கள். திருநீறு தரித்தல், பஞ்சாக்ஷரஞ் செபித்தல், பொய் கூறாமை, கொல்லாமை, உயிர்களிடத்து இரக்கம் என்றின்னவற்றைப் பிள்ளைகள் மனனஞ்செய்து ஒப்புவிக்கின்றார்கள். பரீட்சையிலும் பிழையற எழுதுகின்றார்கள். ஆயினும், அப்பிள்ளைகள் பாடசாலைப் படலையைக் கடந்து வீதியிலே இறங்கியபின், இது நன்று, இது தீது, இவர் மதிக்கத்தக்கவர், இவர் விலக்கத்தக்கவர் என்று தம் மனசிலே தீர்க்கும்போது, அத்தீர்ப்பு நீங்கள் மனனஞ்செய்வித்த பாடத்திலிருந்து பிறக்கின்றதோ, பிறிதோரிடத்திலிருந்து பிறக்கின்றதோ என்று எப்பொழுதாயினும் ஆராய்ந்ததுண்டோ? அதனை ஆராயும்பொருட்டே இன்று உங்களோடு பேசப் புகுந்தோம்.

நம்முடைய சித்தாந்த சாத்திரம் இவ்விஷயத்திலே நம்மை இருளில் விடவில்லை. ஆன்மாவானது சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது மெய்கண்ட சந்தானத்தார் அனைவர்க்கும் உடன்பாடு. படிகமானது செம்மலரைச் சார்ந்தபோது செம்மையாகவும், நீலமலரைச் சார்ந்தபோது நீலமாகவும் தோன்றுமாறு, உயிரும் தான் எதனைப் பற்றி நிற்கின்றதோ அதன் நிறத்தையே தன்னிறமாகக் கொண்டு நிற்கும். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்திலே மெய்கண்டதேவர் ஐம்புலன்களை வேடராக உருவகஞ்செய்தருளினார். அதனை விளக்கப் புகுந்தோர், வேடர் கையிலகப்பட்டு அவர்களுள்ளே வளர்ந்த அரசகுமாரன் ஒருவனை எடுத்துக் காட்டுவர். அக்குமாரன் இழந்தது யாது? அரண்மனையையும் ஆபரணங்களையும் மாத்திரமன்று. வேடர் எதனை வீரமென்றார்களோ அதனையே வீரமென்றான்; எதனை இழிவென்றார்களோ அதனையே இழிவென்றான். ஓடுகின்ற மானை எய்யாது இரங்கி விடுபவனை அவர்கள் கோழையென்று நகைத்தால், தானுங் கூடி நகைத்தான். இரங்காதே என்று அவனை இருத்திப் பாடஞ் சொன்னவர் ஒருவருமிலர். அவர்கள் நகைத்த நகைப்பே பாடமாயிற்று. தன்னை வேடர் வளர்த்தார்கள் என்பதை அவன் அறியான். தான் வேடனே என்று மாத்திரம் அறிந்திருந்தான்.

உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனிலே ஆணவமலத்தை இருளினுங் கொடிதென்று காட்டுவர். இருள் பிற பொருள்களை மறைப்பினும், தான் இருளென்பதைக் காட்டி நிற்கும். ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைக்கின்ற தன்னையும் மறைத்துவிடும். பிறர் ஊட்டிய கருத்தை என்னுடைய கருத்தென்றும், பழக்கத்தினால் வந்த அருவருப்பைத் தருமமென்றும் உயிர் மயங்குதற்குக் காரணம் யாதென்று கேட்பார்க்கு இதனினுஞ் சிறந்த விடை வேண்டுவதில்லை.

இவைகளை நீங்கள் அறிவீர்கள். பாலபண்டித பரீட்சைக்குப் படித்தவர்கள் நம்மினும் நன்றாகச் சொல்லுவீர்கள். ஆனால் சாத்திரத்திலே படித்த இவ்வுண்மையை வகுப்பிலே இருக்கும் முப்பது பிள்ளைகள்மேல் வைத்துப் பார்த்தவர்கள் சிலரே.

நம்மூர் வழக்கமொன்றை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து வீடுகளிலே முன்னாளில் தாகத்துக்கு நீர் கொடுக்கும் முறையிலே வேற்றுமை இருந்தது. சிலருக்கு மூக்குப்பேணி, சிலருக்குச் சிரட்டை. சிலர் திண்ணையில் இருப்பார்கள். சிலர் முற்றத்திலே நிற்பார்கள். இவ்வேற்றுமையை எந்தத் தாயும் பிள்ளையை மடியிலிருத்தி உபதேசித்தவளல்லள். பேணி எங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததோ, சிரட்டை எந்த மூலையிலே கிடந்ததோ, அவ்விடங்களே உபதேசித்தன. அவ்வீட்டிலே வளரும் பிள்ளையை அழைத்து, அந்த மனுஷருக்கு ஏன் பேணியிலே கொடுக்கவில்லை என்று கேட்டால், அழுக்கு என்று முதலிலே சொல்லும். அவர் முழுகித் தோய்த்துலர்ந்த வேட்டியோடு வந்திருக்கின்றாரே என்றால், கொடுத்தால் அம்மா ஏசுவா என்று சொல்லும். அம்மா ஏன் ஏசுவா என்றால், சற்று விழித்து, அது அப்படித்தான் என்று சொல்லும். இம்மூன்று விடைகளுள்ளே மூன்றாவதே மெய்யான விடை. முன்னிரண்டும் அம்மூன்றாவதற்குக் காவலாக அப்போது தேடிக்கொண்டவை. தீர்ப்பு முன்னே வந்து இருந்தது. நியாயம் பின்னே தேடப்பட்டது. பெரியவர்களாகிய நாமும் இவ்வாறே செய்கின்றோம். நாம் தேடி எடுக்கும் நியாயம் சற்று நீளமானது, வடமொழிச் சுலோகமும் சிலபோது உடையது, வேறுபாடு அவ்வளவே.

பாடசாலை இதற்குப் புறம்பாய் நின்றதோ? நின்றதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றிலே, தாழ்ந்தோரென்று ஒதுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகள் வாங்கிலே இருக்க விடப்படவில்லை. அவர்கள் நிலத்திலே இருந்தார்கள். சிலவிடங்களிலே வகுப்புக்கு வெளியே நின்று கேட்டார்கள். 1924ஆம் ஆண்டிலே மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கிப் பின்பு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற சங்கத்தார் இவ்வேற்றுமையை எதிர்த்துப் பேசினார்கள். 1929ஆம் ஆண்டையொட்டி, உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனங் கொடுக்கவேண்டுமென்று அரசினர் விதித்தார்கள். அதற்கெழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு முழ உயரமுள்ள பலகையிலே ஒரு பிள்ளை ஏறியிருந்ததற்காக நெருப்பு மூட்டப்பட்டது!

அவ்வெதிர்ப்பிலே நின்றவர்கள் தங்களைத் தீயோரென்று எண்ணினவர்களல்லர். தருமத்தைக் காக்கின்றோம் என்றே எண்ணினார்கள். இதுவே நாம் அஞ்ச வேண்டிய இடம். தீமையைத் தீமையென்று அறிந்து செய்பவனைத் திருத்துதல் கூடும். தீமையைத் தருமமென்று கொண்டு, அதற்காகப் பட்டினிகிடக்கவுஞ் சித்தமாயிருப்பவனை எவ்வாறு திருத்துவது? அவனும் ஒருகால் ஒரு வகுப்பிலே சிறுபிள்ளையாயிருந்து சமயபாடங் கேட்டவனே. உயிர்களெல்லாஞ் சிவபெருமான் எழுந்தருளியிருக்கும் இடம் என்று அவ்வகுப்பிலே உபாத்தியாயர் வாயினாலே சொல்லியிருப்பார். அதே நேரத்திலே அவ்வகுப்பின் தரையும் வாங்கும் வேறொரு பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. வாய் கிழமையிலே ஒரு மணிநேரஞ் சொல்லிற்று. வாங்கு நாள்முழுதுஞ் சொல்லிற்று. எது வென்றதென்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாங்கிலிருந்த பிள்ளை, தனக்கு இது இயல்பாக உரியது என்று கற்றது. நிலத்திலிருந்த பிள்ளை கற்றதோ அதனினுங் கொடிது. தன்னிடத்திலே தான் அறியாத ஏதோ குற்றமொன்று உண்டென்று அது கற்றது. அக்கல்வியை அழிக்க எத்தனை வருஷம் வேண்டுமென்று நாம் கணக்கிட மாட்டோம்.

சட்டம் பின்னே வந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் 1957ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றத்திலே நிறைவேறி, கோயில், பாடசாலை, கிணறு முதலிய பொதுவிடங்களிலே சாதிகாரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமென்று விதித்தது. அதன்பின் பதினொரு வருஷங்கழித்து, 1968ஆம் ஆண்டிலே, மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபட விரும்பிய சைவர்கள் தடுக்கப்பட்டு வெளியே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சட்டம் எழுதப்பட்டு விட்டது; பார்க்குங் கண் பழைய கண்ணாகவே இருந்தது. ஆயினும் மற்றொன்றையுங் கவனியுங்கள். இன்று ஒருவர் வந்து, இன்ன குடிப்பிள்ளைகளை நிலத்தில் இருத்துக என்று சொன்னால், பெற்றோரே நாணி அவரை மறுப்பார்கள். அவர்களெல்லாரும் சிவஞானசித்தியாரைப் பாடங்கேட்டுத் தெளிந்தவர்களோ? அல்லர். அவர்கள் சிறுவயதிலே ஒரே வாங்கிலே இருந்து படித்தவர்கள். அவ்வளவே. பொய்யைப் போதித்த வாங்கே, வரிசை மாறியபோது மெய்யையும் போதித்தது.

இவ்விடத்திலே பிறதேசத்தார் செய்த சோதனையொன்றும் சொல்லத்தக்கது. சொலமன் ஆஷ் என்பவர் 1907ஆம் ஆண்டிலே வார்சோ நகரிலே யூதர் குடியிலே பிறந்து, 1920இல் அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே உளநூல் வல்லவராயினார். அவர் தம் ஏழு வயதிலே நடந்ததொன்றைப் பிற்காலத்திலே நினைவுகூர்ந்தார். பஸ்கா இரவிலே பாட்டியார் ஒரு கிண்ணத்திலே அதிகப்படியாகத் திராட்சரசம் வார்த்து வைத்தார். அது எலியா தீர்க்கதரிசிக்கு என்றும், அவர் வந்து ஒரு மிடறு பருகுவார், உற்றுப்பார் என்றும் மாமனார் சொன்னார். பிள்ளை உற்றுப்பார்த்தது, கிண்ணத்திலே ரசஞ் சற்றுக் குறைந்ததாகவே அதற்குத் தோன்றிற்று. இதனை நாம் அவர்கள் சமயத்தை இகழும்பொருட்டு எடுத்தோமல்லோம். நம் வீட்டுப் பிள்ளைகளும் இவ்வண்ணமே காண்பார்கள். வீட்டார் எதனை எதிர்பார்த்து நிற்கின்றார்களோ அதனையே சிறுபிள்ளையின் கண்ணுங் காணும் என்பதற்கே சொன்னோம்.

அவர் வளர்ந்தபின், 1951ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சி பெரும் பெயர் பெற்றது. ஓரட்டையிலே ஒரு கோடு. மற்றோரட்டையிலே வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகள். முதலட்டைக் கோட்டுக்குச் சமமானது மூன்றிலே எது என்று கேட்டார். தனித்திருந்து சொல்பவர் நூற்றுக்கு ஒருமுறை தானும் பிழைப்பது அரிது. அவ்வளவு எளிதான வினா. அவரோ ஒரு மாணாக்கரைப் பலரோடு கூட இருத்தி, மற்றவர்களெல்லாரும் ஒருவர்பின் ஒருவராகப் பிழையான விடையையே சொல்லும்படி முன்னரே ஏற்பாடு செய்து வைத்தார். இவ்வேற்பாட்டை அறியாத மாணாக்கர் முறை கடைசியை அடுத்து வரும். கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்த கோட்டைப்பற்றி, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விடைகள் கூட்டத்தோடு கூடிப் பிழையாயின. சோதிக்கப்பட்டோருள் நான்கில் மூன்று பங்கினர் ஒருமுறையேனும் கூட்டத்துக்கு இணங்கினர். கோட்டின் நீளத்திலேயே இவ்வாறாயின், அளவுகோல் வைத்து அளக்க முடியாத மானம், ஈனம், தூய்மை, தீட்டு என்பவற்றிலே பத்து வயதுப் பிள்ளை கூட்டத்தை விட்டு எங்கே போகும்?

அச்சோதனையிலே உபாத்தியாயர்கள் கண்ணிலொற்றிக்கொள்ளத்தக்க பகுதி இனிமேல் வருவது. அக்கூட்டத்திலே ஒரேயொருவர் மெய்யான விடையைச் சொல்லும்படி வைத்துப் பார்த்தார். மற்றவர்களெல்லாரும் முன்போலவே பொய் சொன்னார்கள். ஒருவர் மாத்திரம் மெய் சொன்னார். அப்பொழுது கூட்டத்துக்கு இணங்கிச் சொல்லிய பிழைகள் நான்கிலொரு பங்காகக் குறைந்தன. கூட்டத்தை அவர் தோற்கடிக்கவில்லை. ஒருவரோடும் வாதிக்கவுமில்லை. தாம் கண்டதைச் சொல்லிவிட்டு இருந்தார். தன் கண் தன்னை ஏமாற்றவில்லை என்று அருகிலிருந்தவர் அறிதற்கு அது போதியதாயிற்று. வாயாற் சொல்லாமல் கடுதாசியிலே எழுதவிட்டபோதும் பிழைகள் மிகக் குறைந்தன என்பதையும் மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னே வேண்டப்படும்.

இனி நம்முடைய புராணத்துக்கு வருவோம். திருநீலநக்க நாயனார் புராணத்தை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். குருபூசைநாளிலே படிப்பித்தும் இருப்பீர்கள். சாத்தமங்கையிலே அந்தணர் குலத்திலே அவதரித்த அந்நாயனார், ஒரு திருவாதிரை நாளிலே அயவந்தித் திருக்கோயிலிலே மனைவியாரோடு பூசைசெய்து நின்றபோது, சிலந்தியொன்று சிவலிங்கத் திருமேனியின்மேல் விழுந்தது. மனைவியார் பதைத்து, குழந்தையின்மேல் பூச்சி விழுந்தால் தாய் செய்வதுபோல, வாயினாலே ஊதினார். உமிழ்நீர் திருமேனியிலே தெறித்ததென்று கண்டு நாயனார் கண்ணை மூடிக்கொண்டார். தகாதது செய்தாய் என்று வெகுண்டார். இனி உன்னைத் துறந்தேன் என்று அங்கேயே விட்டு வீட்டுக்குப் போயினார். சிந்தியுங்கள். இவர் கொடியவரல்லர். நாயன்மாருள் ஒருவர். ஆகமவிதி வழுவாது பூசிப்பவர். அவர் தீர்ப்பு அவ்வளவு விரைவிலே வந்ததற்குக் காரணம், எச்சில் தீட்டு என்னும் பழக்கம் அவர் நெஞ்சிலே அத்தனை ஆழமாகப் படிந்திருந்ததே. மனைவியாருடைய செயலிலே அன்பு இருந்ததோ என்று பார்ப்பதற்கு அப்பழக்கம் ஒரு கணமும் அவகாசங் கொடுக்கவில்லை.

அன்றிரவு சிவபெருமான் கனவிலே எழுந்தருளித் தமது திருமேனியைக் காட்டினார். அந்த அம்மையார் ஊதிய இடம் நீங்கலாக மற்றை இடமெல்லாம் சிலந்தியினாலே கொப்புளங்கொண்டிருந்தது. பெருமான் சித்தாந்தம் உரைத்து வாதிக்கவில்லை. ஊதிய இடத்தையும் ஊதாத இடத்தையும் காட்டினார். நாயனார் விழித்தெழுந்து, ஆடிப் பாடி அழுது, பொழுது விடிந்தவுடன் கோயிலுக்குப் போய் மனைவியாரை அழைத்து வந்தார். இதனோடு புராணம் முடியவில்லை. பிறகொருநாள் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் அவ்வூருக்கு எழுந்தருளினார். உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் விறலியாருக்கும் இரவிலே தங்க இடங்கொடுக்கும்படி பிள்ளையார் கேட்டபோது, நீலநக்கர் தம் வீட்டு நடுவிலே வேதிகையின் பக்கத்திலே இடங்கொடுத்தார். பாணர் அக்காலத்திலே எந்நிலையிலே வைக்கப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். வேதிகையின் அக்கினி அவிந்ததோ? முன்னையினும் அதிகமாக, வலஞ்சுழித்து எழுந்து பிரகாசித்தது என்று சேக்கிழார் சுவாமிகள் சொல்லுகின்றார். மனைவியின் எச்சிலுக்கு அஞ்சியவரே பாணரை நெருப்பின் அருகே துயிலவிட்டார். முந்தின கனவைக் கண்டிராவிட்டால், பிந்தின வேண்டுகோளுக்கு அவர் இசைந்திருப்பாரோ என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. புராணம் அதனைச் சொல்லவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே புராணத்திலே அடுத்தடுத்து நிற்கின்றன.

இப்புராணத்தைப் பிள்ளைகளும் வாசிக்கத்தக்க வசனமாக எழுதி நம் கையிலே தந்தவர் ஆறுமுகநாவலரவர்கள். பாடசாலையின் சூழலே பிள்ளையின் மதத்தை ஆக்கும் என்பதை அவர்போல அறிந்தவர் அக்காலத்திலே இலர். அவர் தாமே யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே படித்து, படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர். 1816ஆம் ஆண்டிலே தெல்லிப்பழையிலே தொடங்கிய அமெரிக்க மிஷனாரும் பிறரும் வீதிப் பிரசங்கத்தினாலே பெற்றதினும் பாடசாலையினாலே பெற்றது மிகுதி என்பதை உள்ளிருந்து கண்டபடியினாலே, 1848இலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். ஆனால் அப்பெருந்தகையாரும் சாதியாசாரத்தைப் பொறுத்தமட்டில் தம் காலத்தார் கொண்டதனையே கொண்டு எழுதினார். இதனை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று. சூழலின் வலியை அவ்வளவு தெளிவாக அறிந்தவரையும் சூழல் ஓரிடத்திலே தொட்டிருந்தது என்றால், நம்மை எத்தனை இடங்களிலே தொட்டிருக்கும்! அவருடைய தொண்டைத் தலைமேற் கொள்வோம். அவ்வொன்றிலே, அவர் நமக்குத் தந்த புராணத்தையே பிரமாணமாகக் கொள்வோம்.

அற்றேல், இங்கே ஓர் ஆசங்கை நிகழும். உயிர் சார்ந்ததன் வண்ணமாவதாயின், நம்முடைய சிவபக்தியும் அவ்வாறு வந்த ஒரு வண்ணமே அன்றோ? தாய் நெற்றியிலே திருநீறிட்டாள், வெள்ளிதோறும் கோயிலுக்குக் கூட்டிச்சென்றாள், ஆதலினாலே சைவராயினோம். வேறு வீட்டிலே பிறந்திருந்தால் வேறு வண்ணமே கொண்டிருப்போம். ஆகவே நன்மை தீமை என்பதெல்லாம் அயலார் பூசிய நிறமேயன்றி வேறில்லை என்று உயர்வகுப்பு மாணாக்கரொருவர் எழுந்து கேட்பாராயின், உபாத்தியாயர் யாது விடை சொல்லுவார்? வாயை மூடு என்று சொல்லுவாராயின், அம்மாணாக்கர் கேட்டதே மெய்யென்று தாமே நாட்டியவராவார்.

இவ்வினா நல்ல வினா. இதற்கு விடை படிக உவமையின் எல்லையிலே இருக்கின்றது. படிகம் தன்னைச் சார்ந்த மலரை அறியாது. எந்த மலரை விடுவது, எதனைச் சார்வது என்று தெரிந்துகொள்ளவும் மாட்டாது. உயிரோ அறிவுடையது, அறிவிக்க அறிவது. கண்ணுக்குக் காணுஞ் சத்தி இருந்தும், விளக்கொளி வந்தபோதே காண்பதுபோல, உயிரும் உணர்த்துவாரைப் பெற்றபோது தன்மேற் படிந்த நிறத்தை நிறமென்று காணும். அரசகுமாரன் கதையிலே தந்தையாகிய அரசன் வந்து, நீ என் மகன் என்று உணர்த்தியதும் அதுவே. திருநாவுக்கரசு நாயனார் திருவாமூரிலே சைவக்குடியிலே பிறந்தார். சமணரோடு கூடித் தருமசேனர் என்னும் பெயரோடு அவர்கள் நூல்களையெல்லாங் கற்றார். திலகவதியம்மையாருடைய அன்பினாலே திருவதிகையிலே மீண்டார். அவர் தாயூட்டிய நிறத்தோடு நின்றுவிட்டவரல்லர். ஒன்றை விட்டுப் பிறிதொன்றைச் சார்ந்து, அதனையும் விட்டு மீண்டவர். அருணந்திசிவாசாரியர் சிவஞானசித்தியாரிலே முதலிலே பரபக்கத்தை வைத்து, பிறர் கொள்கைகளை அவரவர் சொல்லுமாறே எடுத்துரைத்து, அதன்பின்பே சுபக்கம் வகுத்தார். பிறன் பக்கத்து நியாயத்தைக் கேட்கப் பொறாத கொள்கை பூசிய நிறம். கேட்டு நின்றபின்னும் நிற்குங் கொள்கை உணர்ந்த அறிவு. இவ்வருணந்தியாரே முதியவராயும் சகலாகம பண்டிதர் என்னும் பெயருடையவராயும் இருந்து, சிறுபிள்ளையாகிய மெய்கண்டாரிடத்திலே ஆணவத்தின் வடிவு யாதென்று கேட்க, பிள்ளை அவரையே சுட்டிக்காட்டியதும், அவர் அக்கணமே அடிபணிந்ததும் நம் சந்தான வரலாறு. உயர்வகுப்பு மாணாக்கர் எழுந்து கேட்கும்போது உபாத்தியாயர்கள் இதனை நினைவார்களாக.

இனிப் பாடசாலையிலே செய்யத்தக்கதைச் சொல்லுவோம். முதலாவது, திருநீலநக்கர் சரித்திரம் போன்றவற்றைப் படிப்பிக்கும்போது, நாயனார் மனைவியாரைத் துறந்த இடத்திலே நிறுத்தி, அவர் செய்தது சரியோ என்று கேளுங்கள். கேட்டவுடன் கைதூக்கச் சொல்லாதிருங்கள். கைதூக்கச் சொன்னால், முன்வாங்கிலே இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே மற்றக் கைகளெல்லாம் எழும்பும். கொப்பியிலே முதலில் எழுதச்செய்து, எழுதினபின்பு வாசிக்கச்செய்யுங்கள். கூட்டத்துக்கு முன்னே தன் கண்ணைக் கேட்டறிந்த பிள்ளை, கூட்டம் வந்தபின்னும் அதனை எளிதிலே விடாது. தனித்து வேறுபட எழுதிய பிள்ளையை நகைக்க இடங்கொடாதிருங்கள். நீங்கள் நகைத்தாலோ, அந்த வகுப்பிலே அவ்வருஷம் முழுவதும் இரண்டாவதொரு மெய்யான விடை பிறவாது.

மற்றது சொல்லச் சிறிது கூசுகின்றோம், ஆயினும் சொல்லுவோம். பாடசாலை முற்றத்தைக் கூட்டுவதற்கு எந்தப் பிள்ளையை அனுப்புகின்றீர்கள்? அதிபருடைய மேசைக்குத் தேநீர் கொண்டுபோக எந்தப் பிள்ளையை அனுப்புகின்றீர்கள்? பிரார்த்தனையிலே தேவாரம் பாட முன்னே நிற்பவர் யாவர்? நவராத்திரிப் பூசையிலே கும்பத்துக்கு நீர் அள்ளுபவர் யார், தட்டு ஏந்துபவர் யார், சந்தனம் அரைப்பவர் யார், பூசை முடிந்தபின் சருகு பெருக்குபவர் யார்? நாங்கள் சாதி பார்ப்பதில்லை, பழக்கமான பிள்ளைகளை அழைக்கின்றோம் என்று பலர் சொல்லுவார்கள். பொய் சொல்லுகின்றார்களென்று நாம் சொல்லோம். பழக்கமென்பது எங்கிருந்து வந்ததென்பதே வினா. உபாத்தியாயர் வாயினாலே ஒரு பெயரை அழைக்குமுன் கண் ஒருமுறை வகுப்பைச் சுற்றுகின்றது. அக்கண் எந்தப் பிள்ளைகள்மேல் தங்காமற் கடந்துபோகின்றதென்பதைப் பிள்ளைகளெல்லாரும் அறிவார்கள். உபாத்தியாயர் மாத்திரமே அறியார்.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்றுண்டு. கண்ணை நம்பாது வரவு இடாப்பை நம்புங்கள். இடாப்பிலே பெயர்கள் எழுத்து வரிசையாக நிற்கின்றன. அதற்குக் குலமுந் தெரியாது, வளவுந் தெரியாது. வரும் நவராத்திரிக்கு ஒரு மாசத்துக்கு முன்னரே, ஒன்பது நாளுக்கும் கும்பநீர், தட்டு, தேவாரம், சந்தனம், பெருக்குதல் எல்லாவற்றையும் இடாப்பு வரிசைப்படி வகுத்தெழுதிச் சுவரிலே ஒட்டிவிடுங்கள். பெருக்கும் முறை ஊர்ப்பெரியவர் பிள்ளைக்கும் வரட்டும். தட்டேந்தும் முறை இதுவரை ஒருநாளும் அழைக்கப்படாத பிள்ளைக்கும் வரட்டும். அதனை வாசித்துவிட்டுப் பெற்றோர் சிலர் மாலையிலே வந்து, மெல்லிய குரலிலே, சேர், இதென்ன புதுவழக்கம் என்று கேட்பார்கள். அவர்களோடு கோபிக்க வேண்டுவதில்லை. அவர்களை இருத்தி, சாத்தமங்கையிலே வேதிகைப் பக்கத்திலே பாணர் தங்கிய இரவை வாசித்துக் காட்டுங்கள். அன்றைய அக்கினி எப்படி எரிந்ததென்பதை அவர்கள் வாயினாலேயே சொல்லச் செய்தபின், மறுநாட் காலை, ஒட்டிய தாளிலே ஒரு பெயரையும் மாற்றாது, பூசையைத் தொடங்குங்கள்.